மேசை இறங்கி ஆடும்போது

லாஸ் வேகாஸில் நான் வழக்கமாக ஆடுவது 5/10 டாலர் போக்கர் மேசை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் இருவர் கட்டாயமாகக் கட்டும் தொகைதான் இந்த 5, 10; பெரியதற்குப் பிக் பிளைண்ட் என்று பெயர். தொடர்ந்து சரிவு வந்ததால் இப்போது 1/3 மேசைக்கு இறங்கியிருக்கிறேன். சரிவு எல்லோருக்கும் வரும். அந்த நேரத்தில் இறங்க மறுத்தால்தான் தொழிலே போய்விடும்.

இறங்குவதில் கௌரவம்தான் கஷ்டம் என்பார்கள். அது சீக்கிரமே பழகிவிடுகிறது. பாட், அதாவது நடுவில் சேரும் பந்தயப் பணம், சின்னதாகத் தெரிவதுதான் பெரிய ஆபத்து. ஆயிரக்கணக்கில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு 45 டாலர் ஒரு காசாகவே படாது. போனால் போகட்டும் என்று கால் செய்ய, அதாவது எதிராளி கட்டியதற்குச் சமமாகப் போட, தோன்றும். ஆனால் 1/3-ல் 45 டாலர் என்றால் 15 பிக் பிளைண்ட். 5/10-ல் அதுவே 150 டாலர். அதை அங்கே யோசிக்காமல் போடுவேனா? அதனால் என் கணக்கு நோட்டில் டாலரே கிடையாது. வரவு செலவு எல்லாம் பிக் பிளைண்டில்தான்.

ஆட்டமும் மாற வேண்டும். கையில் ஏஸ்-கிங், ஃப்ளாப்பில் (மேசையில் முதலில் திறக்கும் மூன்று பொதுச் சீட்டுகளில்) ஒரு கிங். ஃப்ளாப்பிலும் டர்னிலும் (நான்காவது சீட்டு) நான் பெட் கட்ட, எதிரில் இருக்கும் பெரியவர் பேசாமல் கால் செய்துகொண்டே வருகிறார். ரிவரில் (ஐந்தாவது, கடைசிச் சீட்டு) திடீரென்று ரெய்ஸ், என் பெட்டை உயர்த்துகிறார். 5/10 என்றால் பிளஃப்பாக, வெறும் கையோடு மிரட்டுவதாக, இருக்குமோ என்று யோசிப்பேன். 1/3-ல் அது பெரும்பாலும் டூ பேர் (இரண்டு ஜோடி), இல்லையென்றால் செட் (ஒரே மதிப்பில் மூன்று சீட்டு). இரண்டுமே என் கிங் ஜோடியை வெல்லும். ஃபோல்ட் செய்து சீட்டைப் போட்டுவிட வேண்டியதுதான். இங்கே 'என்னதான் வைத்திருக்கிறான், பார்த்துவிடுவோம்' என்று கால் செய்கிறவர்கள் அதிகம், பிளஃப் எடுபடாது. நல்ல கை வரும்வரை காத்திருந்து, வந்ததும் தாராளமாகக் கட்டினால் போதும். அலுப்பான வேலை. ஆனால் வருமானம் அதில்தான் வருகிறது.

கிறிஸ் ஃபெர்குசன் போட்ட விதிகளை, இறங்க வேண்டிய நேரத்தில் இறங்க வைப்பதற்காகவே மதிக்கிறேன். 2000-ல் போக்கர் உலகத் தொடரின் முதன்மைப் போட்டியில் 15 லட்சம் டாலர் வென்றவர், 2006-ல் ஒரு சென்ட்கூட இல்லாமல் இலவசப் போட்டிகளில் தொடங்கி 10,000 டாலர் சேர்க்க உட்கார்ந்தார். அவர் விதி இதுதான்: மிகச் சிறிய ஆட்டங்களைத் தவிர, கையிருப்பில் 5 சதவீதத்துக்கு மேல் எந்த கேஷ் கேமிலும் (நேரடிப் பணத்தில் ஆடி, நினைத்தபோது எழுந்துவிடக்கூடிய ஆட்டம்) போடுவதில்லை. பெரிய டோர்னமெண்ட் என்றால் 2 சதவீதம். கையிருப்பு கரைந்தால் மேசையும் தானாக இறங்கிவிடும், தோற்ற சூட்டில் முடிவெடுக்க வேண்டியதே இல்லை. சொன்னபடி சேர்த்தும் காட்டினார். அவர் நிறுவனர்களில் ஒருவராக இருந்த இணையதளம் 2011-க்குப் பிறகு ஆட்டக்காரர்களின் பணத்தைத் திருப்பித் தர முடியாமல் நின்றதை நான் மறக்கவில்லை. ஆனாலும் இந்த விதி சரியானது.

2/5 மேசைக்கு 30 பை-இன் (ஒரு தடவை மேசையில் உட்காரக் கொண்டுபோகும் தொகை), அதாவது 15,000 டாலர் சேர்ந்த பிறகே ஏறுவேன். அங்கே மூன்று பை-இன் போனால் மறுபடி 1/3. வாடகைப் பணம் தனிக் கணக்கில் இருக்கிறது, அதில் கை வைப்பதில்லை.