பக்கக் கூலிக்கு வரைந்த பூதம்

ஃபிராங்கன்ஸ்டைன் நாவலைச் சித்திரக்கதையாக வரைந்து தரச் சொன்னபோது நான் கதையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. எத்தனை பக்கம், பக்கத்துக்கு எவ்வளவு, கெடு எப்போது என்றுதான் கேட்டேன். 48 பக்கம், பென்சில், மை இரண்டும் என் பொறுப்பு, எல்லாப் பக்கத்துக்கும் ஒரே கூலி. நாவலை வாசிக்கும் நேரத்துக்கும், பதினெட்டாம் நூற்றாண்டு மனிதர்கள் எப்படிப்பட்ட கோட்டு அணிந்தார்கள் என்று தேடும் நேரத்துக்கும் காசு கிடையாது.

இது இன்று முளைத்த வழக்கமும் அல்ல. செவ்வியல் நாவல்களைக் காமிக்ஸாக்கி 1941இல் அமெரிக்காவில் தொடங்கிய புகழ்பெற்ற வரிசையே 64 பக்கத்தில் ஆரம்பித்துப் பிறகு 48க்குச் சுருங்கியது. நாவல்கள் மட்டும் அதற்கேற்ப மெலிந்து கொடுக்கவில்லை.

ஒரே கூலி என்ற அந்த ஏற்பாடு கைக்குள் புகுந்துகொள்ளும். கறுப்புப் பின்னணியில் ஒரு முகம் மட்டும் உள்ள பக்கத்தை மதியத்துக்குள் முடித்துவிடலாம். செய்யாத கொலைக்காகப் பணிப்பெண் ஜஸ்டின் கூண்டில் நிற்கும் நீதிமன்றக் காட்சியோ நாள்கணக்கில் இழுக்கும்: நீதிபதிகள், பெஞ்சுகள், வேடிக்கை பார்க்கும் கூட்டம், ஒவ்வொரு தலைக்கும் ஒரு தொப்பி. இரண்டுக்கும் ஒரே தொகை என்றால் எந்தச் சித்திரக்காரரின் பேனாவும் முகத்தின் பக்கம்தான் சாயும். வசனப்பிரதியிலேயே அந்த விசாரணைக்கு அரைப் பக்கம்தான் ஒதுக்கியிருந்தார்கள். நான் ஜஸ்டினின் முகத்தையும், பின்னால் கம்பியைப் பற்றியிருக்கும் சில கைகளையும் வரைந்தேன். பார்க்க நன்றாகவே இருந்தது. ஆனால் கொலைகாரன் தான் உருவாக்கிய உயிர்தான் என்று மனதுக்குத் தெரிந்தும் விஞ்ஞானி விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பது அந்த அறையில்தான். கூட்டம் போனதும் கூட்டத்தில் ஒருவனாக ஒளிந்திருக்கும் விக்டரும் போய்விட்டான். எங்கள் புத்தகத்தில் அவன் கோழை அல்ல, பாவம், அதிர்ஷ்டம் கெட்ட ஒரு விஞ்ஞானி.

அடுத்தது முகத் தகராறு. மேரி ஷெல்லியின் 1818ஆம் ஆண்டு நாவலில் விக்டர் உருவாக்கும் உயிருக்கு மஞ்சள் தோல், வழியும் கருங்கூந்தல், முத்துப் பல். தட்டைத் தலையும் கழுத்து ஆணியும் 1931ஆம் ஆண்டுத் திரைப்படத்துக்காக ஜாக் பியர்ஸ் செய்த ஒப்பனை. நாவலுக்குப் பதிப்புரிமை காலாவதியாகிவிட்டது. அந்த ஒப்பனை படநிறுவனத்துடையது, அதன் அருகே போகக் கூடாது. அதை ஒப்புக்கொண்ட பதிப்பாசிரியர் அடுத்த மூச்சிலேயே, "ஆனால் அட்டையைப் பார்த்ததும் யாரென்று தெரிய வேண்டாமா?" என்றார். வாதாட இருவருக்கும் நேரமில்லை. அட்டையில் எல்லோர் கண்ணுக்கும் பழகிய பச்சை, உள்ளே நாவலின் மஞ்சள் என்று முடிந்தது. இதில் ஒரு நிம்மதி, ஒப்புதல் கேட்க வாரிசுகள் யாரும் இல்லை. உரிமையாளர் உள்ள பாத்திரம் என்றால் ஒவ்வொரு பக்கமும் அவர்கள் மேசைக்குப் போய்த் திரும்ப வேண்டும். அதற்காகக் கெடு காத்திருக்காது.

அவசரத்தால் கெட்டதை மட்டும் சொன்னால் நியாயமாகாது. அந்த உயிர் குடிசையை ஒட்டிய கொட்டிலில் பதுங்கி, சுவரின் விரிசல் வழியே டி லேசி குடும்பத்தைப் பார்த்துப் பேச்சுக் கற்கும் பகுதிதான் எனக்கு நாவலின் உயிர்நாடி. அங்கே வந்தபோது கெடு கழுத்தை நெரித்தது. கட்டம் முழுவதும் மையைக் கொட்டிக் கறுப்பாக்கி, நடுவில் கத்திக் கீறல் போல ஒரு வெளிச்சக் கோட்டை மட்டும் விட்டேன். அந்தக் கோட்டுக்குள் அந்த வீட்டுக் கிழவரின் விரல்களும் கிதாரின் இரண்டு தந்திகளும். இப்புறம் ஒற்றைக் கண். நிதானமாக வரைந்திருந்தால் குடிசை முழுவதையும், அடுப்புச் சட்டி வரை, காட்டித் தொலைத்திருப்பேன். அமெரிக்கக் காமிக்ஸ் ஓவியர் வாலி வுட் வரைந்துவைத்த 22 மாதிரிக் கட்டங்கள் ஓவியர்களிடையே இன்றும் கைமாறுவது இதற்குத்தான்: நிழலுரு, கறுப்பு, அண்மைக் காட்சி என்று சலிப்பான பக்கத்தையும் சீக்கிரமாகக் கரையேற்றும் வழிகள். விக்டர் அந்த உயிரை வடதுருவம் நோக்கித் துரத்தும் கடைசிப் பகுதியில் பனியே கைகொடுத்தது. வெற்றுத் தாளுக்கும் முழுக் கூலி உண்டே!

வசனப்பிரதி வாரக்கணக்கில் தாமதமாக வந்தது. அச்சுக்குப் போகும் தேதி நகரவே இல்லை. அந்தத் தாமதத்தின் பெரும்பங்கு என் தலையில் விழுந்தது, மிச்சத்தைப் பேச்சுக்குமிழிகளுக்கு எழுத்து வரைந்தவர் சுமந்தார். வரிசையில் அவர் கடைசி, இரண்டு இரவுகள்தான் மிஞ்சின. கூலியின் கடைசித் தவணையோ புத்தகம் வெளிவந்து, நான் பல முறை நினைவூட்டிய பிறகே வந்தது.

அடுத்த புத்தகத்துக்கு மூன்று நிபந்தனை வைத்தேன். பிரதி தாமதமானால் கெடுவும் அதே அளவு தள்ளிப்போக வேண்டும். இரண்டு சுற்றுக்கு மேல் திருத்தம் கேட்டால் தனிக் கூலி. கூட்டக் காட்சியுள்ள பக்கத்துக்குக் கூடுதல் தொகை. முதல் இரண்டுக்கும் பதிப்பாசிரியர் உடனே கையெழுத்திட்டார். மூன்றாவதைப் படித்துவிட்டுச் சிரித்தார். "கூட்டமே வராமல் எழுதச் சொல்லிவிடுகிறேன்" என்றார். சொன்ன சொல் தவறாதவர். புதிய பிரதியில் எந்த அறையிலும் நான்கு பேருக்கு மேல் இல்லை.