எந்த விரல் மரத்துப்போகிறது?

காரைக்குடியில் கல்யாணப் பலகாரம் செய்து கொடுப்பது என் தொழில். மனகோலம், தேன்குழல், சீப்புச்சீடை, அதிரசம். முகூர்த்த மாதம் வந்துவிட்டால் நாள் முழுக்க அச்சு பிழிவேன். அதனால் வலது மணிக்கட்டும் விரல் மூட்டுகளும் வீங்கியபோது, "பிழிஞ்சு பிழிஞ்சு வந்தது, ஓய்வு எடு" என்று எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். பிழியாத இடது கையும் அதே இடங்களில் ஏன் வீங்கியது என்று கேட்டால் பதில் இல்லை. அப்புறம் ராத்திரியில் கை மரத்துப்போய்த் தூக்கம் கலைய ஆரம்பித்தது.

வீக்கத்துக்கு ஒரு மருத்துவர், மரமரப்புக்கு இன்னொருவர் என்று அலைந்தேன். வீக்கம் பார்த்தவர் யூரிக் ஆசிட் என்றார். மரமரப்பு பார்த்தவர் கழுத்து எலும்புத் தேய்மானம் என்றார். பக்கத்து வீட்டு ஆச்சி, "சிக்குன்குனியா மிச்சம்" என்றார். ஆச்சி சொன்னதில் நியாயம் உண்டு. 2006-ல் அந்தக் காய்ச்சல் தமிழ்நாட்டையே படுத்தியபோது, சுவரைப் பிடித்து நடந்தவர்களை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். காய்ச்சல் போன பிறகும் மூட்டுவலி மாதக்கணக்கில் நிற்கும், சிலருக்கு வருஷக்கணக்கில். ஆனால் எனக்குக் காய்ச்சலே வரவில்லையே. யூரிக் ஆசிட்டும் கொஞ்சம்தான் கூடியிருந்தது. அளவு கூடுவது மட்டுமே நோயாகாது. மாதவிடாய் நிற்காத பெண்களுக்கு யூரிக் ஆசிட்டால் வரும் மூட்டுவாதம் (கவுட்) வருவதும் அபூர்வம்.

நடுவில் ஓர் இடத்தில் ஊசி போட்டார்கள். சீக்கிரமே வீக்கம் வடிந்தது, பிறகு பழையபடி ஏறியது. என்ன மருந்து என்று சீட்டில் எழுதவே இல்லை. ஸ்டீராய்டு போட்டிருந்தால் வீக்கம் அடங்கி, பரிசோதிக்கிற மருத்துவருக்கு நோயே கண்ணில் படாமல் போகலாம். பெயர் எழுதாமல் ஊசி போடுவதை என்னால் இன்றைக்கும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. தயவுசெய்து பெயரைக் கேட்டு வாங்குங்கள்.

திருச்சியில் நர்ஸாக இருக்கும் என் நாத்தனார்தான் வழி சொன்னாள். "அண்ணி, எந்த விரல், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம்னு ஒரு நோட்டுல எழுதுங்க. மூட்டுவாத டாக்டர்கிட்ட அதைக் கொண்டு போங்க." எழுத ஆரம்பித்ததும் எனக்கே சில விஷயங்கள் தெளிந்தன. காலையில் எழுந்தால் விரல் மடங்காது. பால் காய்ச்சி, காபி குடித்து, வாசல் வேலை முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதுவரை இறுக்கம்தான். வேலை செய்யச் செய்ய இளகும். மூட்டுத் தேய்மானம் என்றால் பெரும்பாலும் அரை மணிக்குள் இறுக்கம் விட்டுவிடும், வேலை செய்தால்தான் வலி கூடும். அடுத்தது மரமரப்பு. கட்டைவிரல், ஆள்காட்டிவிரல், நடுவிரல், மோதிரவிரலில் பாதி. சுண்டுவிரலை ஒரு நாள்கூட எழுதவில்லை. நடுராத்திரியில் வரும், கையை உதறினால் குறையும்.

மேலூர் வழியாக மதுரைக்குப் பஸ் பிடித்துப் போனோம். அங்கே மூட்டுவாத டாக்டர் அம்மா நோட்டை முழுக்கப் படித்துவிட்டுத்தான் கையைத் தொட்டார். கைகுலுக்குவது போல என் உள்ளங்கையைப் பக்கவாட்டில் சேர்த்து அழுத்தினார். விரல்கள் தொடங்கும் கணுக்களில் உயிர் போனது. நகத்தை ஒட்டிய நுனி மூட்டுகளை ஒவ்வொன்றாக அமுக்கினார், அங்கே வலி இல்லை. பிறகு இரண்டு புறங்கைகளையும் ஒட்டவைத்து, விரல்களைக் கீழே தொங்கவிட்டு ஒரு நிமிஷம் வைத்திருக்கச் சொன்னார். நிமிஷம் முடியும் முன்பே அதே மூன்றரை விரல் மரத்தது. முழங்கைக்குப் பின்னால் நரம்பு தடித்திருக்கிறதா என்றும், உணர்ச்சியில்லாத வெளிறிய தேமல் உண்டா என்றும் தேடினார். தொழுநோயிலும் நரம்பு மரக்கும், சில சமயம் மூட்டும் வீங்கும், நம் நாட்டில் அதைப் பார்க்காமல் விடக்கூடாது என்றார்.

ரத்தத்தில் உடம்பின் அழற்சியைக் காட்டும் ஈஎஸ்ஆர், சிஆர்பி, முடக்குவாதத்தைத் தேடும் ஆர்ஏ ஃபேக்டர், ஆன்டி சிசிபி, பிறகு ஏஎன்ஏ, தைராய்டு, சர்க்கரை, பி12 வைட்டமின் பார்த்தார்கள். தைராய்டு குறைந்தாலும், சர்க்கரை இருந்தாலும் மணிக்கட்டு நரம்பு நெரிபடும். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் லூபஸ் என்ற நோய் என்றால் ஏஎன்ஏ காட்டிக்கொடுக்கும். அவை எல்லாம் சரியாக இருந்தன. எனக்கு ஆர்ஏ ஃபேக்டர் இல்லை என்று வந்தது, ஆன்டி சிசிபி நிறைய இருந்தது. முடக்குவாதம்தான் என்றார் டாக்டர். முடக்குவாதம் உள்ள நூறு பேரில் இருபது முப்பது பேருக்கு ஆர்ஏ ஃபேக்டர் வராதாம். நோயே இல்லாத சிலருக்கு வருமாம். அந்த ஒரு டெஸ்டை மட்டும் எடுத்திருந்தால் என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். நரம்புப் பரிசோதனையில் மணிக்கட்டில்தான் அடைப்பு என்று தெரிந்தது. முடக்குவாதத்தால் மணிக்கட்டின் உள்சவ்வு வீங்கி, குறுகலான பாதையில் போகும் நரம்பை அழுத்தியிருக்கிறது. கழுத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

முடக்குவாதத்துக்கு மெதோட்ரெக்ஸேட் மாத்திரை, வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. நான் ஞாயிற்றுக்கிழமை என்று வைத்து, காலண்டரில் வட்டம் போட்டிருக்கிறேன். வேறொரு நாளில் ஃபோலிக் ஆசிட், அவ்வப்போது ஈரலுக்கும் ரத்த அணுக்களுக்கும் பரிசோதனை, ராத்திரியில் மணிக்கட்டுப் பட்டை. கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்கள் இந்த மாத்திரையைத் தொடவே கூடாது, முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் பிடித்தது. இப்போது அச்சை என் தங்கை பிழிகிறாள், மாவுப் பதம் நான் பார்க்கிறேன்.

இதே சமயம் என் அத்தைக்கு இரண்டு பாதமும் எரிந்து மதமதத்தது. சைவம், பல வருஷமாக மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை, இரண்டுமே பி12-ஐக் குறைக்கக்கூடியவை. அவருக்கு மூட்டில் ஒன்றுமில்லை, பி12 தான் குறைவு. சத்து ஊசி போடும் முன்பே ரத்தம் எடுத்ததால் தெரிந்தது, ஊசிக்குப் பிறகு எடுத்தால் அளவு நன்றாகத்தான் காட்டும்.

சில அறிகுறிகளுக்கு நோட்டு எழுதிக்கொண்டிருக்கக் கூடாது. மரமரப்பு காலில் தொடங்கி மேலே மேலே ஏறி, கால் பலம் குறைந்தால். சிறுநீர் பிரியாமல் போனால். ஒரே ஒரு மூட்டு மட்டும் நெருப்பாகக் கொதித்துக் காய்ச்சலும் வந்தால், அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.