மூன்று கிழமையைத் தின்ற "முழு நீளம்"

இறுதியாண்டு ஆய்வை ஒருவழியாகக் கையளித்தாயிற்று. தரைவண்டின் உடல் பெரிதாகப் பெரிதாகத் தலை, முன்மார்பு (தலைக்கு அடுத்துள்ள பகுதி), கால் எல்லாம் அதே விகிதத்தில் பெரிதாகிறதா என்பதுதான் கேள்வி. கேட்கச் சின்ன வேலை மாதிரித்தான் இருந்தது.

அனுமதிக் கடிதத்துக்கு இரண்டு தரம் அலைந்தேன். முதல் தரம் மேசையில் இருந்தவர் "பூச்சிதானே மகள், இதுக்கெல்லாம் கடிதமா?" என்று திருப்பி அனுப்பினார், அடுத்த தரம் அதே ஆள் "கடிதம் இல்லாம எப்படிப் பிடிப்பீங்க?" என்று கேட்டார். சரி, அதை விடுவோம். தம்பலகாமத்தில் வயல் வரம்போரம் யோகட் கப் புதைத்துப் பிடித்ததில் சிக்கல் இல்லை. மாரி தொடங்கமுன் புதையுங்கள், இல்லாவிட்டால் கப் நிரம்பி வண்டு மிதந்து போய்விடும்.

முதல் அடி துண்டுச்சீட்டில். எந்த வயல், என்ன திகதி என்று பேனையால் அழகாக எழுதி, வண்டை அற்ககோலில் போட்டுவைத்த ஒவ்வொரு குப்பிக்குள்ளும் போட்டேன். நாலாம் நாள் பார்த்தால் அற்ககோல் இளநீலம், சீட்டு வெறும் வெள்ளை. 11 குப்பி போச்சு. பென்சிலால் எழுதுங்கள், அது கரையாது.

அதைவிடப் பெரிய அடி, தாடை நுனியிலிருந்து வயிற்று நுனிவரை கலிப்பர் வைத்து "முழு நீளம்" எடுத்தது. 140 வண்டு, மூன்று கிழமை. சந்தேகத்தில் ஒன்றைத் திரும்ப அளந்தேன்: முதலில் 13.2 மி.மீ., இப்போது 14.1. கூட்டுப்புழுவிலிருந்து வந்து ஓடு இறுகிய வண்டு அதற்குப் பிறகு வளராது, செத்த வண்டு எப்படி வளரும்? தலை குனிந்து கிடந்தால் நீளம் குறையும், கழுத்து இழுபட்டால் கூடும், அற்ககோலில் ஊறிய வயிறும் முட்டை நிறைந்த வயிறும் சிறகுக்கு வெளியே பிதுங்கி நிற்கும். நான் அளந்தது வண்டை இல்லை, அது கிடந்த கிடையை.

கெட்டியான பாகங்களை மட்டும் அளக்கவேண்டும்: முதுகை மூடும் வன்சிறகின் நீளம், முன்மார்பின் அதிகூடிய அகலம், கண்ணோடு சேர்த்துத் தலையின் அகலம், பின்தொடையின் நீளம். அதிலும் வண்டு சரிந்து கிடந்தால் அளவு குறைந்துவிடும். நிலாவெளி மணலைக் கழுவிக் காயவைத்து, சின்னத் தட்டில் பரப்பி, அதில் வண்டை அமுக்கி மட்டமாக வைத்தேன். இது யாரும் சொல்லித் தரவில்லை, கொஞ்சம் பெருமைதான். நுணுக்குக்காட்டியில் அளக்கும்போது இடையில் உருப்பெருக்கத்தை மாற்றினால் பார்வைத்துண்டின் அளவுகோலையும் திரும்பச் சரிபார்க்கவேண்டும், மாற்றிவிட்டு மறந்ததில் இன்னொரு பின்னேரம் வீண்.

இவ்வளவுக்கும் பிறகுதான் 9 வண்டு தரைவண்டே இல்லை என்று தெரிந்தது! கறுப்பு, அதே உருவம், ஆனால் பின்பாதத்தில் 4 கணுதான். தரைவண்டுக்கு ஆறு பாதத்திலும் ஐந்தைந்து இருக்கும். அளக்கமுன் எண்ணுங்கள், நான் அளந்த பிறகு எண்ணினேன்.

மிஞ்சியதில் கிளீனியஸ் என்ற தரைவண்டுப் பேரினம்தான் அதிகம், பிடித்த கையில் ஆஸ்பத்திரி வாடை அடிக்குமே, அது. எல்லா இனத்தையும் ஒரே வரைபில் போடாதீர்கள், இனங்களுக்கிடையிலான வித்தியாசம்தான் தெரியும், ஓர் இனத்துக்குள் நடப்பது மறைந்துவிடும். நான் கிளீனியஸில் ஒரே இனத்தைத் தனியாக எடுத்து, முன்மார்பு அகலத்துக்கு எதிரே சிறகு நீளத்தை மடக்கை எடுத்து வரைந்தேன். கோட்டின் படித்திறன், அதாவது சாய்வு, 1 என்றால் இரண்டும் ஒரே விகிதத்தில் கூடுகிறது என்று அர்த்தம். ஆனால் ஒரு கோட்டுக்குப் பதிலாகப் புள்ளிகள் இரண்டு வரிசையாக நின்றன. மேற்பார்வை செய்த மிஸ் திரையை ஒரு பார்வை பார்த்துவிட்டு "ஆண் பெண் பிரிச்சீங்களா?" என்றார். பிரிக்கவில்லை. இந்த இனத்தில் ஆணின் முன்பாதக் கணுக்கள் அகன்று தட்டையாக இருக்கும், ஒரே இரவில் பிரித்துவிடலாம். பிரித்ததும் இரண்டு வரிசையும் தனித்தனிக் கோடாகின: முன்மார்பு ஒரே அகலம் என்றாலும் என் வண்டுகளில் ஆணைவிடப் பெண்ணுக்குச் சிறகு நீளம்.

கையளிக்க முதல்நாள் அந்த 13.2, 14.1 வண்டை மணலில் வைத்து மூன்று தரம் சிறகை அளந்தேன். 8.3, 8.3, 8.3.