70,000-ஐ ஒட்டியே நிக்கற மீட்டர்கள்

போன மாசம் ரெண்டு ஞாயித்துக்கிழமை முழுசா பழைய கார் வாங்கி விக்கற கன்சல்டிங் கடைகள்லயே போச்சு. அப்பாவுக்கு முட்டி தேய்மானம், இனிமே எக்ஸெல் வண்டியை எடுக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு, பஸ்ஸுல ஏறி எறங்கவும் முடியல, அதனால ஒரு செகண்ட்ஸ் கார் எடுத்துரலாம்னு முடிவு. பட்ஜெட் மூணரை லட்சம். டீசல் ஸ்விஃப்ட் கெடைச்சா கண்ணை மூடிட்டு எடுங்கிறது சித்தப்பா யோசனை (அவரு எந்த வண்டியைப் பத்திக் கேட்டாலும் ஸ்விஃப்ட்னுதான் சொல்வாரு, அது வேற கதை). மாருதி 2020 ஏப்ரலோட டீசலையே நிறுத்திட்டாங்க, அதனால இப்ப மார்க்கெட்ல இருக்கறதெல்லாம் அதுக்கு முந்தின வண்டிங்கதான். ஈரோட்டுல ஆரம்பிச்சு பெருந்துறை, அவிநாசி, திருப்பூர்னு ஒரு பதினஞ்சு வண்டி பாத்திருப்பேன்.

ஒவ்வொரு வண்டியிலயும் ஏறி உக்காந்து சாவியப் போட்டதும் மொதல்ல மீட்டரைத்தான் பாத்தேன். 68,000. அடுத்த கடையில 71,000. அப்பறம் 64,500. அப்பறம் 69,200. எல்லாமே 2013, 2014 மாடல் டீசல். நாலாவது கடையிலதான் எனக்கே சிரிப்பு வந்துச்சு, ஏன்னா கணக்குப் போட்டுப் பாத்தா பதினோரு வருஷத்துல 68,000னா ஒரு நாளைக்கு 17 கிலோமீட்டர் கூட வராது. தினமும் 17 கிலோமீட்டர் ஓட்டறவன் எதுக்குங்க அன்னைக்கு ஒரு லட்சம் எக்ஸ்ட்ரா குடுத்து டீசல் வண்டி எடுத்தான்? கொங்கு நாட்டுல டீசல் கார் வாங்கினவங்க எல்லாம் காலையில கோயிலுக்குப் போயிட்டு சாயந்தரம் வீட்டுக்கு வந்தவங்க போல.

கடைக்காரங்க சொல்ற கதையும் எல்லா எடத்துலயும் ஒண்ணேதான். சிங்கிள் ஓனர், டாக்டர் வண்டி, இல்லைன்னா ரிட்டயர்டு வாத்தியார் வண்டி, மேடம் ஓட்டுனதுங்க, ஸ்கூலுக்கு மட்டும்தான் எடுப்பாங்க. இவ்ளோ டாக்டருங்க நம்ம ஜில்லாவுல இருந்தா அப்பா முட்டிக்கு ஏன் மூணு மணி நேரம் டோக்கன் போட்டு உக்காரணும்னு தெரியல.

நான் இதுல ஏற்கனவே சூடு பட்டவன். 2017ல ஒரு வேகன்ஆர் எடுத்தேன், 2010 மாடல், மீட்டர்ல 54,000, அதுவும் டாக்டர் வண்டிதான். ரெண்டு மாசம் கழிச்சு பஞ்சர்னு ஸ்டெப்னியத் தூக்கினா அதுக்கு அடியில நாலா மடிச்ச ஒரு சர்வீஸ் பில்லு. தேதி 2015. கிலோமீட்டர்னு இருந்த எடத்துல 1,12,000. நான் அந்த பில்லைக் கையில வச்சுக்கிட்டு ரோட்டோரத்துல அஞ்சு நிமிஷம் அப்படியே நின்னேன். கடைக்குப் போய்க் கேட்டா அவரு பதறவே இல்ல. "தம்பி, நாங்களும் இப்படியேதான் வாங்கினோம், எங்களுக்கு எப்படித் தெரியும்"னு டீ சொல்லிட்டாரு. கோவத்துல டீயைக் குடிக்காம வந்துட்டேன். அவரு மாத்தினாரா, அவருக்கு வித்தவன் மாத்தினானா, இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. அப்ப அவருதான் பொய் சொல்றாருன்னு சத்தியமா நம்புனேன். இப்ப அவ்ளோ உறுதியா இல்ல, ஏன்னு கீழ சொல்றேன்.

டிஜிட்டல் மீட்டர்னா மாத்த முடியாதுன்னு நெறைய பேர் நெனைக்கறாங்க. பழைய முள்ளு மீட்டரைத்தான் கழட்டி நம்பரைத் திருப்பணும், இதுக்கு ஒரு லேப்டாப்பும் ஒயரும் போதும், டீ குடிச்சுட்டு வர்றதுக்குள்ள வேலை முடிஞ்சுரும். ஆனா மீட்டரை மாத்தறவன் மத்ததையெல்லாம் மாத்த மாட்டான், அதுக்கு செலவாகும். இது என் மெக்கானிக் சொல்லிக்குடுத்தது. கிளட்ச் பெடல் ரப்பரைக் குனிஞ்சு பாருங்க. 60,000 ஓடுன வண்டியில அந்தக் கோடு கோடா இருக்கற வரி இன்னும் தெரியும். நான் பாத்த ஒரு 64,500 வண்டியில ரப்பர் வலது ஓரமா தேஞ்சு இரும்பு பளபளன்னு எட்டிப் பாக்குது. இன்னொண்ணுல பெடல் ரப்பர் மட்டும் புத்தம் புதுசு, ஸ்டியரிங்ல புது கவர், கியர் தலையில வழுக்கை. அந்தப் புது ரப்பர்தான் எனக்கு தேஞ்ச ரப்பரை விட அதிகமா சொல்லுச்சு.

அப்பறம் டயர் ஓரத்துல நாலு நம்பர் இருக்கும், 2319னு இருந்தா 2019ல 23வது வாரம் செஞ்ச டயர். கம்பெனி டயர் இன்னும் மாத்தவே இல்லைன்னு சொல்ற 2014 வண்டியில 2319 இருந்தா மீதியை நீங்களே யோசிச்சுக்கோங்க. கம்பெனி சர்வீஸ் சென்டர்ல வண்டி நம்பரைச் சொன்னா எந்த தேதியில எத்தனை கிலோமீட்டர்ல சர்வீஸ் ஆச்சுன்னு சிஸ்டத்துல இருக்கும், சில எடத்துல சொல்வாங்க, சில எடத்துல ஓனர் வரணும்பாங்க. இன்சூரன்ஸ் பேப்பர்ல நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் வாங்காம இருந்ததுக்கு பிரீமியத்துல தர்ற தள்ளுபடி) எத்தனை பர்சன்ட்னு பாருங்க, பல வருஷமா ஒரே ஓனர்கிட்ட இருந்த வண்டிக்கு அது பூஜ்யமா இருந்தா எங்கயோ எதையோ இடிச்சு கிளெய்ம் வாங்கியிருக்க வாய்ப்பு இருக்குன்னு அர்த்தம், கேளுங்க. சென்னை நம்பர் வண்டின்னா சீட் பெல்ட்டை முழுசா கடைசி வரைக்கும் இழுத்துப் பாக்கணும். 2015 டிசம்பர் வெள்ளத்துல வேளச்சேரி, முடிச்சூர் பக்கம் முங்கின வண்டிங்க எல்லாத்தையும் ஸ்கிராப்புக்கா அனுப்பினாங்க? சீட்டைக் கழட்டிக் கழுவுவாங்க, சென்ட் அடிப்பாங்க, பெல்ட்டோட கடைசி முழத்தை எவனும் இழுத்துக் கழுவ மாட்டான், சேறு கோடு கட்டி நிக்கும். 2023ல மிக்ஜாம் புயலுக்கு அப்பறமும் அதே கதைதான்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். ரெண்டாவது ஞாயித்துக்கிழமை சாயந்தரம் கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு அண்ணன் கடைக்குப் போனேன். பெரிய போர்டு எல்லாம் இல்ல, தகர ஷெட்டு, எட்டு வண்டி, ஒரு வேப்பமரம். மூலையில வெள்ளை ஸ்விஃப்ட், 2014, மேல வேப்பம்பூ கொட்டிக் கெடக்குது. சாவியப் போட்டா 1,46,000. நான் அதையே பாத்துக்கிட்டு இருக்கறதப் பாத்துட்டு அவரே சொன்னாரு, "நாலு மாசமா நிக்குதுங்க தம்பி. வர்றவங்க மொதல்ல ஓடுனது எவ்ளோன்னுதான் கேக்கறாங்க, சொன்னதும் பக்கத்து வண்டிக்குப் போயிர்றாங்க. இதே வண்டியை அறுபத்தெட்டுன்னு வச்சிருந்தேன்னா மொத வாரமே போயிருக்கும், அம்பதாயிரம் சேத்தியும் வந்திருக்கும்."

அப்பறம் ஏன் மாத்தலைன்னு கேட்டேன். அவரு நல்லவர் மாதிரி எல்லாம் பேசல. "எங்கிட்ட வாங்கறவங்க பூரா சுத்துப்பட்டு ஆளுங்க. அடுத்த முகூர்த்தத்துல கல்யாணப் பந்தியில பக்கத்து எலையில உக்காந்துதானுங்க ஆகணும், அப்ப அந்தாளு மூஞ்சியப் பாத்து எப்படிச் சோறு எறங்கும்"னாரு. அவ்ளோதான். சட்டம், மனசாட்சி எதுவும் இல்ல, பந்தி. பைபாஸ்ல கடை போட்டவனுக்கு அந்தப் பந்தி பயம் கெடையாது, வாங்கறவன் எந்த ஊரோ, திரும்பப் பாக்கவே போறதில்ல.

இவரு புத்தர்னும் நெனச்சுராதீங்க. இன்ஜின் பூரா பாலிஷ் அடிச்சு மினுமினுன்னு வச்சிருந்தாரு, பழைய ஓனருக்கு எவ்ளோ குடுத்தீங்கண்ணான்னு கேட்டதுக்கு மேல வேப்பமரத்தைப் பாத்தாரு.

இப்ப என் கதை. 2022ல அந்த வேகன்ஆரை நான் வித்தது இதே அண்ணன்கிட்டதான். அப்ப மீட்டர் 94,000. உண்மையில ஒன்றரை லட்சத்துக்கு மேல ஓடியிருக்கும்னு எனக்குத் தெரியும், அந்த பில்லு எங்க வீட்டு பீரோவுல இருந்துச்சு. அவரு "எவ்ளோ ஓடியிருக்குங்க தம்பி"ன்னு கேட்டப்ப நான் என்ன சொன்னேன்? "மீட்டர்ல இருக்கறதுதாங்ணா." பொய் இல்லைல்ல? மீட்டர்ல இருக்கறது அதுதானே. அடி எதாச்சும் பட்டுச்சான்னாரு, இல்லவே இல்லைன்னேன். சத்தி ரோட்டுல ஒரு கரும்பு டிரெய்லருக்குப் பின்னாடி விட்டு பானெட்டையே மாத்தின வண்டி அது. அவரு பானெட்டைத் தூக்கி, ஓரத்துல இருக்கற போல்ட்டு தலையை கட்டை வெரலால தடவுனாரு. கம்பெனியில வந்த பெயிண்டுன்னா போல்ட்டு மேலயும் சேந்து ஒட்டியிருக்கும், ஸ்பேனர் பட்டா அந்த மூலையில பெயிண்ட் உரிஞ்சிரும். அவரு ஒரு வார்த்தை பேசல, வெலையில 15,000 கொறைச்சாரு. நானும் ஒரு வார்த்தை பேசல.

இந்த தடவை ஸ்விஃப்ட் வெலை பேசிட்டு இருக்கறப்ப நானே ஆரம்பிச்சேன், அந்த வேகன்ஆர் விஷயத்துல ஒண்ணு சொல்லணுங்ணான்னு. "பெடலைப் பாத்தப்பவே தெரியுமுங்க தம்பி, ஒன்றரை இருக்கும்னு சொல்லித்தான் அடுத்தவங்களுக்குக் குடுத்தேன்"னாரு, ஃபைலை மூடாமயே. அப்பறம் இன்னொண்ணும் சொன்னாரு. மாசத்துக்கு பத்து பேர் வண்டி விக்க வந்தா ஒம்போது பேர் எதையாவது மறைக்கறாங்க, வாங்க வர்றவங்க பத்து பேருமே மறைக்காதீங்கன்னு சொல்றாங்க, நடுவுல உக்காந்திருக்கறவனுக்குத்தான் திருட்டுப் பயன்னு பேரு.

அமெரிக்கால அக்கெர்லாஃப்னு ஒரு பொருளாதார மேதை, 1970லயே செகண்ட்ஸ் கார் மார்க்கெட்டை வச்சே ஒரு கட்டுரை எழுதியிருக்காரு. நல்ல வண்டி எது ஓட்டை வண்டி எதுன்னு வாங்கறவனுக்குப் பிரிச்சுப் பாக்கத் தெரியலைன்னா எல்லாத்துக்கும் ஒரே சுமாரான வெலைதான் கேப்பான், அந்த வெலைக்கு நல்ல வண்டி வச்சிருக்கறவன் குடுக்க மாட்டான், கடைசியில சந்தையில ஓட்டையா மிஞ்சும், இதுதான் அவரு சொன்னது. மூணு பத்திரிகை திருப்பி அனுப்பின கட்டுரை, அதுக்குத்தான் 2001ல நோபல் பரிசு. அங்க மோசமான வண்டிக்கு எலுமிச்சம்பழம்னு பேராம். நம்மூர்ல வண்டி எடுத்த அன்னைக்கே நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வச்சு நசுக்கிடறோம், அதுவரைக்கும் நம்ம முன்னோர்கள் புத்திசாலிங்கதான். ஆனா அந்த மேதை சொன்னதை நான் நாலு மாசம் வேப்பம்பூவுல நின்ன வெள்ளை ஸ்விஃப்ட்ல நேர்லயே பாத்தேன். உண்மையான மீட்டரோட நிக்கற வண்டி விக்காது. நம்பரைக் கேக்கறது நாம, அந்த நம்பரைத் தயார் பண்ணித் தர்றது அவங்க.

வண்டியை மெக்கானிக் லிஃப்ட்ல ஏத்திப் பாத்தான். கிளட்ச் இன்னும் ஒரு வருஷம் தாங்கும், முன்னாடி சஸ்பென்ஷன் புஷ் மாத்தணும், இன்ஜின் சுத்தம்னான். 3,25,000க்கு முடிஞ்சுது.

பணம் குடுத்ததும் சாவியைக் குடுத்துருவாருன்னு பாத்தா, பழைய ஓனர் கையெழுத்து போட்ட, வண்டியைப் பேர் மாத்தறதுக்கான 29, 30 ஃபார்ம் ரெண்டுலயும் என் பேரு அட்ரஸ் பூரா எழுதி, ஆதார் வாங்கி, ஆர்டிஓ ஆபீஸ்க்கு அப்ளிகேஷன் போட்ட ரசீது வந்ததுக்கு அப்பறம்தான் குடுத்தாரு. எங்க பெரியம்மா பையன் திருப்பூர்ல ஒரு கடையில வண்டியை வித்தப்ப வெறும் ஃபார்ம்ல கையெழுத்து மட்டும் போட்டுக் குடுத்துட்டு வந்துட்டான், ஒன்றரை வருஷமா அவன் போனுக்கு மதுரையிலிருந்து ஓவர் ஸ்பீடு ஃபைன் வந்துட்டு இருக்குது, அந்த வண்டி இப்ப யார்கிட்ட இருக்குன்னு வித்த கடைக்கே தெரியல. ஃபைனோட போனா பரவாயில்ல. வண்டி நாலு கை மாறியிருந்தாலும் ரெக்கார்டுல யாரு பேரு இருக்கோ அவங்கதான் விபத்துக்கு நஷ்டஈடு குடுக்கணும்னு 2018லயே சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு. இதுக்காகத்தான் 2023 ஏப்ரல்ல இருந்து செகண்ட்ஸ் டீலருங்க ஆர்டிஓகிட்ட அனுமதி வாங்கணும், பழைய ஓனர் வண்டியை டீலர்கிட்ட குடுத்ததை ஆன்லைன்ல தெரிவிக்கணும், அதுக்கப்பறம் அந்த வண்டிக்கு டீலர்தான் பொறுப்புன்னு ரூல் வந்துச்சு. நான் ஏறி எறங்கின கடைகள்ல அந்த அனுமதி இருக்கான்னு கேட்டதுக்கு ஒருத்தர் மட்டும் சட்டுனு எடுத்துக் காமிச்சாரு, மத்தவங்க "அதெல்லாம் பாத்துக்கலாங்க"ன்னாங்க.

வண்டி வீட்டுக்கு வந்துச்சு. அம்மா ஆரத்தி, நாலு எலுமிச்சம்பழம், எல்லாம் ஆச்சு. அப்பாவுக்கு சீட் ஒசரம் சரியா இருக்கு, ஏறி எறங்க வலி இல்லைன்னாரு, எனக்கு அதுவே போதும்னு இருந்துச்சு. சாயந்தரம் எதுத்த வீட்டு மாமா வந்து வண்டியை ஒரு சுத்து சுத்தி, டயரை ஒரு ஒதை ஒதைச்சுப் பாத்துட்டு, எவ்ளோ ஓடியிருக்குதுங்கன்னு கேட்டாரு. நான் வாயத் தெறக்கறதுக்குள்ள திண்ணையில உக்காந்திருந்த எங்கப்பா, பேப்பர்ல இருந்து கண்ணை எடுக்காம சொன்னாரு.

"எம்பதாயிரங்க. வாத்தியார் வண்டி."