செம்பு 0.9 நனோமீற்றர்: கோபாற்று–செம்புப் படலத்தை மேசையில் அளப்பது

இரண்டு கோபாற்றுப் படலங்களுக்கு நடுவில் செம்பை 0.9 நனோமீற்றர் தடிப்பில் வைத்தால் அவற்றின் காந்தம் எதிரெதிராக நிற்கும். அப்போது மின்தடை கூட இருக்கும்; வெளிக் காந்தப்புலம் இரண்டையும் ஒரே பக்கம் திருப்பினால் தடை இறங்கும். மேசையில் அளப்பது இந்தத் தடை மாற்றத்தைத்தான். செம்பு 1.4 நனோமீற்றர் அளவில் எதிரெதிர் நிலை போய்விடும், இரண்டும் தாமாகவே ஒரே பக்கம் நிற்கும். 2 நனோமீற்றரில் மறுபடி எதிரெதிர், ஆனால் பிடி தளர்வு. செம்பின் ஓர் அணு அடுக்கே ஏறக்குறைய 0.21 நனோமீற்றர் என்பதால், இரண்டரை அடுக்கு பிசகினால் விடை தலைகீழ். காந்தப் படலங்களை இப்படி எதிரெதிராக நிறுத்தும் எதிர்ப் பிணைப்பை இரும்பு–குரோமியத்தில் 1986இல் இயற்பியலாளர் பீட்டர் குருன்பர்க்கின் குழு கண்டது. தடிப்போடு பிணைப்பு மாறி மாறி வருவதை 1990இல் இயற்பியலாளர் ஸ்டூவர்ட் பார்க்கினின் குழு காட்டியது.

வழக்கமான அடுக்கு (நனோமீற்றரில்): கோபாற்று 1.5, செம்பு 0.9, இந்தச் சோடி 20 தடவை. மேலே காப்பாகத் தந்தாலம் 3. அடியில் 5 நனோமீற்றர் இரும்பு போன்ற சமதளமான அடிப்படலம் கட்டாயம். அடி கரடுமுரடானால் செம்பில் ஊசித்துளை விழும், கோபாற்று கோபாற்றைத் தொடும், 0.9 நனோமீற்றரில் வரவேண்டிய எதிர்ப் பிணைப்பின் முதலாம் உச்சம் காணாமற்போகும். "பிணைப்பே இல்லை" என்று வரும் மாதிரிகளில் முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்தத் துளைகளைத்தான், கோட்பாட்டை அல்ல.

படலத்தை நீங்களே செய்தால், உலோகம் படியும் வேகத்தைக் குவாட்ஸ் மானியை (படியும் தடிப்பைக் காட்டும் பளிங்குக் கருவி) மட்டும் நம்பிக் குறிக்காதீர்கள். அது மாதிரி இருக்கும் இடத்தில் இல்லை. தனியாகச் செம்பு 30 நனோமீற்றர் படியவைத்து எக்ஸ்கதிர்த் தெறிப்பு எடுங்கள். செம்பு இலக்குக் குழாயின் எக்ஸ்கதிரில், 2θ கோண அச்சில் அடுத்தடுத்த ஏற்ற இறக்கப் பட்டைகளின் இடைவெளி சுமார் 0.29 பாகை வரவேண்டும்.

திருகோணமலையில் படலத்தை வெளியிலிருந்து வாங்கி மேசையில் அளப்பவருக்கு முதல் எதிரி உப்புக்காற்று. தந்தாலம் மேற்பரப்பைத்தான் காக்கும். வெட்டிய ஓரத்தில் கோபாற்றும் செம்பும் பக்கத்துப் பக்கம் திறந்து கிடக்கும். ஈரமும் குளோரைட்டும் பட்டால் கோபாற்றுத்தான் அரிபடும். மாரியில் இன்னும் மோசம். இறுக மூடும் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள் (நீல ஜெல்லில் நிறம் காட்டுவதும் கோபாற்றுக் குளோரைட்டுத்தான்), ஓரத்தில் விரல் வைக்காதீர்கள், தடை அளக்கும் நான்கு முனை ஊசிகளை நடுவில் பதியுங்கள். அடித்தளம் ஒட்சைட்டு இல்லாத சிலிக்கன் என்றால் மின்னோட்டத்தில் ஒரு பங்கு அதற்குள் ஓடி தடை மாற்றத்தைக் குறைத்துக் காட்டும். கண்ணாடி நல்லது.

பெரும்பாலும் சறுக்குவது காந்தப்புலத்தில்தான். பல அடுக்குக்கு நிரம்பற்புலம், அதாவது எல்லாப் படலங்களையும் ஒரே பக்கம் திருப்பி முடிக்கத் தேவையான புலம், 4J ÷ (M × t). இங்கே J பிணைப்பின் பலம், M காந்தமாக்கம், t ஒரு கோபாற்றுப் படலத்தின் தடிப்பு. J சதுர மீற்றருக்கு 0.3 மில்லியூல், கோபாற்றின் M மீற்றருக்கு 14 இலட்சம் அம்பியர், t 1.5 நனோமீற்றர் என்று போட்டால் ஏறக்குறைய 0.57 தெஸ்லா வரும். 0.2 தெஸ்லாவோடு நின்றுவிடும் மின்காந்தத்தில் தடை இன்னும் இறங்கிக்கொண்டே இருக்கும். அந்த இடத்தில் சதவீதம் கணக்கிட்டால் மாற்றம் சின்னதாகத் தெரியும், பழி படலத்தின் மேல் விழும்.

ஒன்றிரண்டு சதவீதம் மட்டும் கிடைத்தால் மாதிரியை 90 பாகை திருப்பி மறுபடி அளவுங்கள். மின்னோட்டத்துக்குச் சமாந்தரமான புலத்தில் தடை ஏறி, குறுக்கான புலத்தில் இறங்கினால் அது கோபாற்றின் சாதாரணத் திசைசார் விளைவு, அடுக்குகளின் பிணைப்போடு தொடர்பில்லாதது. இரண்டு பக்கமும் இறங்கினால்தான் பிணைப்பின் வேலை. சின்ன மின்காந்தம் மட்டுமே இருந்தால் செம்பு 2 நனோமீற்றர் உள்ள மாதிரியையே கேட்டு வாங்குங்கள். மாற்றம் குறைவு, ஆனால் மிகக் குறைந்த புலத்திலேயே நிரம்பிவிடும்.