இரண்டு வருஷத்துக்கு முன் பெய்த மழை

கோலசிலாங்கூர் பக்கம் பத்தாங் பெர்ஜுந்தை என்றால் தோட்டக்காரர்களுக்குத் தெரியும். இப்போது பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றிவிட்டார்கள். பழைய ஆட்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது. மலேசியாவில் வியாபாரத்துக்காகச் செம்பனை, அதாவது பாமாயில் எடுக்கும் எண்ணெய்ப்பனை, முதன்முதலில் நடப்பட்டது இந்த வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில், 1917இல். இங்கே ஒரு செம்பனைத் தோட்டத்தில் நான் கிராணி. எந்தக் காட்டில் எத்தனை குலை அறுத்தார்கள், எத்தனை டன் மில்லுக்குப் போனது என்று எழுதி, போன வருஷத்துக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்ப்பது என் வேலை.

குலை குறைந்தால் எல்லாரும் இந்த மாதத்துக் காரணத்தைத்தான் தேடுவார்கள். உரம் சரியில்லை, ஆள் பற்றவில்லை, வேலையை மேற்பார்க்கும் மண்டோர் கவனிக்கவில்லை என்பார்கள். அதுவும் இருக்கலாம். ஆனால் செம்பனையில் ஒரு பூ ஆண் பூவாகுமா, குலை தரும் பெண் பூவாகுமா என்பது அறுவடைக்கு ஏறக்குறைய இரண்டு வருஷத்துக்கு முன்பே, மட்டைகளுக்குள்ளே கண்ணுக்குத் தெரியாமல் முடிவாகிவிடுகிறது. அந்த நேரத்தில் மரம் தண்ணீருக்குத் தவித்தால் ஆண் பூ கூடும், பிற்பாடு குலை குறையும். அதற்குப் பிறகு தவித்தாலும் இளம் பூக்கள் கருகும், குலை இன்னும் சீக்கிரமே குறையும். 2015இல் எல் நினோ வறட்சி வந்தது. அடுத்த வருஷம் நாட்டின் பாமாயில் உற்பத்தி 20 மில்லியன் டன்னை ஒட்டியிருந்த நிலையிலிருந்து 17.3 மில்லியன் டன்னுக்கு இறங்கியது. மழை திரும்பிய உடனே குலை திரும்பவில்லை. மரம் தன் நேரத்தை எடுத்துக்கொண்டது.

எங்கள் சபையில் ஓர் அண்ணன் இருக்கிறார். குலை அறுப்பவர். ஞானஸ்நானம் எடுத்தபின் சம்சு என்ற மலிவுச் சாராயத்தை விட்டுவிட்டார், ஆனால் கோபம் போகவில்லை. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், சத்தம் கேட்டால் அவர் வீடுதான் என்று சொல்லும் நிலைமை கொஞ்ச காலம் இருந்தது. “முழுக்கு எடுத்தும் ஆளு அப்படியேதான் இருக்காரு” என்று சபையிலேயே பேசினார்கள். அது அவர் காதுக்கும் போய்விட்டது. சம்பள நாளில் ஆபீசுக்கு வந்தவர், எல்லாரும் போனபின் என்னிடம் கேட்டார்: “தம்பி, ஆண்டவர் எனக்குள்ள ஒண்ணுமே செய்யலையோ?”

நான் வேதவசனம் எதையும் சொல்லவில்லை. “அண்ணே, இன்னைக்கு நீங்க அறுத்த குலை எப்ப பெய்ஞ்ச மழையில உண்டானது?” என்று கேட்டேன். மரத்தைப் பற்றி அவருக்கு என்னைவிட அதிகம் தெரியும். கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்ப, காய் தெரியலன்னு உரம் போடுறத நிறுத்தக்கூடாதுன்னு சொல்றீங்க” என்றார். நான் சொல்ல நினைத்ததைவிட அது நல்ல பேச்சு. ஆண்டவரை நம்புவது என்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதல்ல என்பதை அவர் தானாகவே பிடித்துக்கொண்டார். ஜெபம், வேத வாசிப்பு, திருவிருந்து, கோபத்தில் கொட்டிய வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்பது, இவையெல்லாம் நாம் போடும் உரம். விளைச்சல் நம் கையில் இல்லை. “நான் நட்டேன், அப்பொல்லோ நீர்ப்பாய்ச்சினான், தேவனே விளையச்செய்தார்” என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியது இதைத்தான். மாற்கு நான்காம் அதிகாரத்தில் விதைத்தவன் இரவில் தூங்குகிறான், பகலில் விழிக்கிறான். அவனுக்குத் தெரியாதவிதமாய் விதை முளைக்கிறது. அவன் தூங்கியதை இயேசு குறை சொல்லவில்லை என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

ஆனால் ஓர் இடத்தில் தோட்டமும் பரலோக ராஜ்யமும் ஒன்றல்ல. நர்சரியில் நாங்கள் கன்றுகளைக் கழிப்போம். இலை சுருங்கியது, வளர்த்தி நின்றது, குச்சியாக நிமிர்ந்தது என்று பார்த்துப் பார்த்து, சில சமயம் கால்வாசி வரை தூக்கிப் போடுவோம். அப்படிச் செய்தே ஆகவேண்டும், ஏனென்றால் நட்ட மரம் இருபத்தைந்து வருஷம் அந்த மண்ணில் நிற்கப் போகிறது. லூக்காவில் வரும் தோட்டக்காரனோ, மூன்று வருஷமாகக் காய்க்காத அத்திமரத்துக்காக எஜமானிடம் கெஞ்சுகிறான்: இந்த வருஷமும் இருக்கட்டும், சுற்றிலும் கொத்தி எருப்போடுகிறேன். என் மேனேஜரிடம் அப்படிக் கேட்கவே முடியாது. ஆண்டவரிடம் எனக்காக அப்படிக் கேட்க ஒருவர் இருக்கிறார்.

அதனால்தான் சாட்சிக் கூட்டங்கள் நடக்கும் விதம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஒரே ராத்திரியில் மாறியவர்களைத்தான் மேடைக்குக் கூப்பிடுகிறோம். அந்த மாற்றங்கள் உண்மை, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மெதுவாக வளர்கிறவர்கள் அதைக் கேட்டுவிட்டு, தங்களிடம் ஏதோ குறை என்று நினைத்து வீட்டுக்குப் போகிறார்கள்.

அந்த அண்ணன் இப்போது பங்களாதேஷிலிருந்து வந்த பையன்களுக்கு அறுப்பு சொல்லிக்கொடுக்கிறார். இன்னும் சத்தம் போடுகிறார். அப்புறம் சாயங்காலம் அவர்களுடைய குடியிருப்புக்கே போய், தோளில் கை போட்டு, தெரிந்த மலாயில் சமாதானம் பேசிவிட்டு வருகிறார். முன்பு இப்படிச் செய்யமாட்டார். சாட்சி சொல்ல அவரை இதுவரை யாரும் கூப்பிடவில்லை. அடுத்த கூட்டத்துக்கு அவர் பெயரைப் போதகரிடம் கொடுத்திருக்கிறேன்.