எஞ்சினைப் பார்த்த அளவுக்கு ஆர்.சி.யைப் பார்க்கவில்லை

பழைய கார் ஒன்று வாங்கினேன். வண்டிக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அது என் பெயருக்கு மாற நான்கு மாதம் ஆனது. ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு மூன்று நடை, வங்கிக்கு ஐந்து நடை. சென்னையில் செகண்ட் ஹேண்ட் கார் தேடுகிறவர்கள் யாராவது இதைப் படித்துவிட்டுப் போனால் அந்த அலைச்சலாவது மிச்சமாகட்டும்.

முதலில் பார்த்தது வேளச்சேரிப் பக்கம், 2018 ஸ்விஃப்ட். சிங்கிள் ஓனர், டாக்டர் வண்டி என்றார் புரோக்கர். பெயிண்ட் கண்ணாடி மாதிரி இருந்தது. அட்வான்ஸ் கொடுக்கத் தயாராகத்தான் போயிருந்தேன். கூட வந்த எங்கள் தெரு மெக்கானிக் அண்ணன் எஞ்சின் பக்கமே போகவில்லை. டிரைவர் சீட் பெல்ட்டைப் பிடித்து, அது முடிகிற இடம்வரை இழுத்தார். மேலே இருந்த பெல்ட் கறுப்பாகப் பளபளத்தது. உள்ளே சுருண்டு கிடந்த கடைசி இரண்டு ஜாண் மட்டும் செம்மண் தோய்ந்த மாதிரி பழுப்பு. அப்புறம் சீட்டைப் பின்னால் தள்ளி, அடியில் இருந்த போல்ட்டில் டார்ச் அடித்துக் காட்டினார். துரு பொருக்குப் பொருக்காக நின்றது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் அந்தப் பக்கம் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று நமக்குத் தெரியும். "மழையில கதவைத் திறந்து வச்சுட்டாங்க சார்" என்றார் புரோக்கர். நாங்கள் கிளம்பிவிட்டோம். தண்ணீரில் நின்ற வண்டி வாங்கும் அன்றைக்கு நன்றாகத்தான் ஓடும். வயரிங் கனெக்டரில் பச்சை பூத்து, ஆறு மாதம் கழித்து ஒவ்வொன்றாகப் போகும். மெக்கானிக்குக் கொடுத்த 1,000 ரூபாய் எனக்கு நான்கு லட்சத்தைக் காப்பாற்றியது.

இரண்டாவது வண்டியில், காலையில் நாங்கள் வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லியிருந்தோம். எஞ்சின் ஆறியிருந்தால்தான் ஸ்டார்ட்டிங் கோளாறு வெளியே தெரியும். போய் பானெட்டில் கை வைத்தால் சூடு. நின்று பேசக்கூட இல்லை.

மூன்றாவதுதான் நான் வாங்கியது. தாம்பரத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருடைய வேகன்ஆர். மீட்டரில் 46,000 கிலோமீட்டர். சர்வீஸ் பில்களைத் தேதி வாரியாக ஃபைலில் வைத்திருந்தார். மீட்டரை யாரும் பின்னால் திருப்பவில்லை என்பது அதிலேயே தெரிந்தது. சந்தோஷத்தில் அன்றைக்கே 20,000 அட்வான்ஸ் கொடுத்தேன். நான் செய்த தப்பு அதுதான். வண்டியின் பதிவுச் சான்றான ஆர்.சி.யில் கடன் கொடுத்த வங்கியின் பெயர் இருந்ததைப் பார்த்தும் விட்டுவிட்டேன். "லோன் முடிஞ்சு மூணு வருஷம் ஆச்சு தம்பி, என்.ஓ.சி.கூட இருக்கு" என்று வங்கியின் ஆட்சேபணையில்லாக் கடிதத்தைச் சொன்னார். அவர் சொன்னது உண்மைதான். ஆனால் லோன் முடிந்தால் எச்.பி., அதாவது ஆர்.சி.யில் இருக்கும் அந்த வங்கிக் கடன் பதிவு, தானாக நீங்காது. வங்கியின் என்.ஓ.சி.யும் படிவம் 35-ம் கொடுத்து நாம்தான் நீக்க வேண்டும். அவர் வைத்திருந்த என்.ஓ.சி.யின் அடியில் சின்ன எழுத்தில் 90 நாள் மட்டுமே செல்லும் என்று போட்டிருந்தது. ஆர்.டி.ஓ. ஆபீஸில் அரை நாள் நின்ற பிறகு, கவுண்டரில் இருந்தவர் முகத்தைக்கூட நிமிர்த்தாமல் "காலாவதி, புதுசு வாங்கிட்டு வாங்க" என்று தள்ளிவிட்டார். அந்த ஒரு வரியைக் காலையிலேயே சொல்லியிருக்கலாம்.

வங்கிக் கிளையில் லோன் பிரிவு வேறு இடத்துக்கு மாறிவிட்டது என்றார்கள். அங்கே போனால், கடன் வாங்கியவரே நேரில் வர வேண்டுமாம். சாருக்கு முட்டி வலி. அவரை அதே வண்டியில் உட்காரவைத்து இரண்டு முறை கூட்டிப்போனேன். மனிதர் ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. கடைசியில் வந்த கடிதத்தில் சேஸிஸ் எண்ணில் ஓர் இலக்கம் தப்பு. அதை ஆர்.டி.ஓ.வில்தான் கண்டுபிடித்தார்கள். மறுபடியும் வங்கி. என்.ஓ.சி. கையில் வந்ததும், கவுண்டரை விட்டு நகராமல் ஆர்.சி.யோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

இன்னொரு சிக்கல் ஓ.டி.பி. வண்டிப் பதிவுக்கான அரசு இணையதளமான பரிவாகனில் விண்ணப்பித்தால் ஓ.டி.பி. யாருக்கோ போனது. வண்டி புதிதாக வாங்கியபோது ஷோரூம் ஆள் தன் செல்போன் எண்ணைப் பதிந்திருக்கிறார்! அதை மாற்ற பத்து நாள். வண்டி பார்க்கப் போகும்போதே, பதிவில் இருக்கும் செல்போனின் கடைசி எண்கள் ஓனருடையதுதானா என்று கேட்டுவிடுங்கள். நிலுவை சலானும் பரிவாகனிலேயே தெரியும். சார் பெயரில் இருந்த ஒன்றை அவரே கட்டிவிட்டார்.

பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-ல் கையெழுத்து, பணம், சாவி எல்லாம் ஒரே மாலையில் முடிந்தது. வண்டியை ஒப்படைத்த தேதியோடு மணியையும் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். இடையில் ஏதாவது விபத்து நடந்தால் வண்டி யார் கையில் இருந்தது என்பதற்கு அந்தச் சீட்டு ஒரு சான்று. இன்சூரன்ஸை 14 நாளுக்குள் மாற்றிவிட்டேன். நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் எதுவும் செய்யாததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, பழைய ஓனரோடு போய்விடும், வண்டியோடு வராது. அந்த வித்தியாசத்தை நான் கட்ட வேண்டியிருந்தது. விலை பேசும்போதே அதையும் கணக்கில் சேருங்கள்.

ஒரு விஷயம் மட்டும் சரியாகச் செய்தேன். பெயர் மாறும்வரை 25,000 ரூபாயை நிறுத்தி வைத்துக்கொள்கிறேன் என்று சாரிடம் முன்பே கேட்டிருந்தேன், அவரும் ஒப்புக்கொண்டார். ஸ்பீட் போஸ்ட்டில் ஆர்.சி. வந்த அன்று கவரைப் பிரித்ததும் முதலில் வங்கி பெயர் இருந்த இடத்தைத்தான் பார்த்தேன். இல்லை. உடனே படம் எடுத்து சாருக்கு அனுப்பிவிட்டு, மீதிப் பணத்தையும் போட்டேன். ஐந்து நிமிடத்தில் அவரிடமிருந்து போன்: "அப்பாடா, இனி நிம்மதியா தூங்குவேன் தம்பி."